உம்மாவின் தட்டில் என்ன இருந்தது?

அல்லாஹ்வின் திருப்பெயரால்...



எங்கள் காயல்பட்டினத்தின் வழக்கத்தை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். நிக்காஹ் முடிந்ததும் ஆண்மகன் மனைவியின் வீட்டுக்குச் சென்றுவிடுகிறான். தாய்வீடு சகோதரிக்கு உரியதாகிறது. நானும் அவ்வாறே சென்றவன்தான். என் தாயார் என் தங்கையோடு இருக்கிறார்கள். இரு வீடுகளுக்கும் இடையில் மூன்று தெருக்கள்தாம். சுப்ஹு தொழுகை முடிந்ததும் உம்மாவைப் பார்த்து, ஒரு தேநீர் அருந்திவிட்டுத்தான் மதரஸாவுக்குச் செல்வேன். வெள்ளிக்கிழமைதோறும் கடைத்தெருவில் நல்ல மீனாகப் பார்த்து வாங்கி உம்மாவின் வீட்டில் கொடுத்துவிடுவேன். சில வாரம் விளமீன், சில வாரம் சீலா, கை சற்று இறுக்கமான வாரத்தில் சாளை.

மறுநாள் காலையில் கேட்பேன்: “மீன் நல்லா இருந்துச்சா உம்மா?”

“அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருந்துச்சு வாப்பா.”

அந்தப் பதிலில் எனக்கு மனநிறைவு. மகன் என்ற முறையில் என் கடமையைச் செய்துவருகிறேன் என்ற நிம்மதியும் உண்டு.

சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் ஒருநாள். உம்மா முழங்கால் வலி காரணமாக இரண்டு ஆண்டுகளாகவே நாற்காலியில் அமர்ந்துதான் தொழுகிறார்கள். அன்று தொழுது முடித்துவிட்டு எழ முயன்றார்கள், முடியவில்லை. இரு கைகளையும் ஊன்றி மீண்டும் முயன்றார்கள். மீண்டும் அமர்ந்துவிட்டார்கள். மூன்றாம் முறை என் தங்கை மகள் ஓடிவந்து அணைத்துத் தூக்கினாள். உம்மா சிரித்துச் சமாளித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் தைத்தது.

தூத்துக்குடியில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் முழங்காலைப் பார்த்தார். பின்னர் எதிர்பாராத ஒன்றைச் செய்யச் சொன்னார். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழும்படி கூறினார். உம்மாவால் அசையவே முடியவில்லை. எடை பார்த்தார்கள். 48 கிலோ. இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய மருந்துச் சீட்டில் 53 கிலோ என்றிருந்தது.

“முட்டி தேய்மானம் இருக்கத்தான் செய்யுது. ஆனா அதைவிட, தசை கரைஞ்சிருக்கு. தினமும் என்ன சாப்பிடுறாங்க?” என்று மருத்துவர் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன்; பதில் வரவில்லை. தினமும் சந்திக்கும் என் தாயார் என்ன உண்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. “மீனெல்லாம் சாப்பிடுவாங்க டாக்டர். நானே வாங்கிக் கொடுக்கிறேன்” என்றேன். உம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள்.

திரும்பும் வழியில் முள்ளக்காடு தாண்டி, உப்பளங்களுக்கு நடுவே வண்டி வந்துகொண்டிருந்தபோது தங்கை மெல்லப் பேசினாள். “காக்கா, உம்மா மீன் துண்டைத் தொடுறதே இல்ல. நடுத்துண்டு எங்க வீட்டாளுக்கு. மத்தது புள்ளைகளுக்கு. உம்மா ஆணத்தை மட்டும் ஊத்திக்குவாங்க. நான் வச்சாலும் எடுத்துச் சின்னவன் தட்டுல போட்டுருவாங்க.”

“அப்போ நீ?”

அவள் பதில் கூறவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

அன்றிரவு என் வீட்டில் உணவு பரிமாறப்பட்டபோது முதன்முறையாக என் மனைவியின் தட்டைப் பார்த்தேன். அனைவரும் உண்டு முடித்தபின் அவர் அமர்ந்தார். சோறு, ஆணம், சட்டியின் அடியில் கிடந்த மீன் தலை. இத்தனை ஆண்டுகளாக அந்தத் தலை அவருக்குப் பிடித்தமானது என்றே நான் எண்ணியிருந்தேன்.

அடுத்த நாள் உம்மாவின் ஒருநாள் உணவைத் தங்கையிடம் கேட்டு ஒரு தாளில் எழுதினேன். காலையில் பால் தேநீர், இரண்டு ரஸ்க். பத்து மணிக்குக் கஞ்சி, ஊறுகாய். நண்பகலில் ஒரு கை சோறு, ஆணம் அல்லது புளியாணம். மாலையில் மீண்டும் தேநீர். இரவில் இடியப்பம், தேங்காய்ப்பால், சீனி. வயிறு நிறைகிறது, பசி இல்லை. குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை என்றுதான் எவருக்கும் தோன்றும்.

ஆனால் புரதத்தைக் கணக்கிட்டால் நிலைமை வேறு. நூறு கிராம் அரிசியில் 7 அல்லது 8 கிராம்தான் புரதம். கஞ்சிக்கும் சோற்றுக்குமாக உம்மா உண்ணும் அரிசி 125 கிராம் இருக்கலாம். அதில் ஏறத்தாழ 10 கிராம். இடியப்பத்தில் 4. இருவேளைத் தேநீரின் பாலில் 5. ரஸ்கில் 3. மொத்தம் 22 கிராம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020 இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது 54 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராம். முதுமையில் உடல் புரதத்தைத் தசையாக மாற்றிக்கொள்ளும் திறன் குறைந்துவிடுவதால், கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் கொடுக்கும்படி எங்கள் மருத்துவர் கூறினார். அதாவது உம்மாவுக்கு 48 கிராம். கிடைத்ததோ அதில் பாதிகூட இல்லை. எஞ்சியதை உடல் தன் தசையிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தது.

இந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குச் சென்றேன். அப்போது நான் மாணவர்களுக்கு ஃபிக்ஹில் ‘நஃபகா’ எனும் ஜீவனாம்சப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ஆண்டுதோறும் நடத்தும் பாடம்தான். நம் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் மனைவிக்குரிய ஜீவனாம்சத்தைக் கூறும்போது தானியத்தின் அளவை மட்டும் கூறி நிறுத்திவிடவில்லை. அதனுடன் ‘உத்ம்’ எனப்படும் தொடுகறியும் அவளுடைய உரிமை என்கிறார்கள். எண்ணெய், நெய், பாலாடைக்கட்டி, பேரீச்சை என அந்தந்த ஊரின் வழக்கத்தில் உள்ளது எதுவோ அது. மேலும் கணவனின் வசதிக்கும் ஊர் வழக்கத்திற்கும் ஏற்ப இறைச்சியும் சேரும். வறிய நிலையிலுள்ள பெற்றோருக்கான ஜீவனாம்சம் பிள்ளையின் கடமை. அதற்கு அளவுகோல் ‘கிஃபாயா’, அதாவது அவர்களுக்குப் போதுமானதாக இருத்தல்.

தொடுகறியைக் கருணையாகவோ உபசாரமாகவோ அவர்கள் கூறவில்லை. கடமை என்றே எழுதிவைத்தார்கள். வெறும் தானியம் ஜீவனாம்சம் ஆகாது என்பதை அந்த அறிஞர்கள் அன்றே சட்டமாக்கியிருந்தார்கள். பல ஆண்டுகள் இதை வாசித்துப் பொருள் கூறிய எனக்கு, ‘போதுமானது’ என்ற சொல்லின் கனம் அன்றுதான் புரிந்தது. மீனை வீட்டு வாசலில் கொடுப்பதோடு என் கடமை முடிந்ததா, அது உம்மாவின் தட்டை அடைந்தபின் முடிகிறதா? மாணவர்களிடம் இதைக் கேள்வியாகவே வைத்தேன். வகுப்பு முழுவதும் அமைதியாக இருந்தது.

நபித்தோழர் அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமையில் முந்நூறு பேர் கடற்கரையோரம் அனுப்பப்பட்ட வரலாற்றை நாம் அறிவோம். புகாரியிலும் முஸ்லிமிலும் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக அது பதிவாகியுள்ளது. கையிலிருந்த பேரீச்சை குறைந்து, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பழம் என்றாகி, பின் இலைகளைத் தின்னும் நிலை வந்தது. அப்போது கடல் ஒரு மாபெரும் மீனைக் கரையில் ஒதுக்கியது. படையினர் பல நாட்கள் அதையே உண்டார்கள். மெலிந்திருந்த அவர்களின் உடல்கள் மீண்டும் வலிமை பெற்றன என்று ஜாபிர் (ரலி) அவர்கள் குறிப்பிடுகிறார்கள். மதீனா திரும்பியதும், அது அல்லாஹ் வழங்கிய உணவு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதோடு, மீதம் உள்ளதா என்று கேட்டு வாங்கி உண்டார்கள். இலையும் ஒரு பேரீச்சையும் உயிரைத் தாங்கின. உடலை எழுப்பியது அந்த மீன்தான். கடலிலிருந்து புத்தம்புதிய இறைச்சியை நாம் உண்பதற்காக அதை வசப்படுத்தித் தந்ததாக அல்லாஹ் நஹ்ல் அத்தியாயத்தில் தன் அருளாக எடுத்துக் கூறுகிறான். அந்தக் கடலின் கரையிலேயே நாம் வாழ்கிறோம்.

நம் கரையின் கதையையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் இந்தக் கரையில்தான் இருந்தது. தூத்துக்குடியை மையமாகக் கொண்ட முத்துக்குளிப்பு 1961 ஆம் ஆண்டோடு நின்றுபோனது. பரதவச் சகோதரர்களும் நம் மரைக்காயர்களும் மூழ்கி எடுத்த சிப்பிகளை என்ன செய்தார்கள் என்பதை இளைய தலைமுறை அறியாது. முத்தை எடுப்பதற்காகச் சிப்பிகளைக் குவியல் குவியலாக வெயிலில் அழுகவிடுவார்கள். சதை அழுகிக் கரைந்தபின் கழுவி முத்தைப் பொறுக்குவார்கள். நாற்றம் நெடுந்தூரம் வீசும். மனிதருக்கு உணவாகும் சதை மண்ணுக்குப் போயிற்று. முத்து எங்கோ ஒரு அரசனின் கழுத்துக்குப் போயிற்று. இன்றும் ஏறக்குறைய அதையே செய்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. இறாலும் கணவாயும் குளிர்பதனப் பெட்டிகளில் ஏறித் துறைமுகம் வழியே வெளிநாடு செல்கின்றன. நாமோ கடலின் ஓசை கேட்கும் தூரத்தில் அமர்ந்து ரஸ்கைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, என்ன செய்தோம் என்பதைக் கூறுகிறேன். இதில் செலவு மிகுந்த ஒன்றும் இல்லை.

முதல் மாற்றம் மீனில். வெள்ளிக்கிழமை ஒருநாள் பெரிய மீன் வாங்குவதை விட்டுவிட்டு, அதே பணத்தில் வாரம் மூன்று நாள் சாளையும் நெத்திலியும் வாங்கத் தொடங்கினேன். பெரிய மீனைத் துண்டு போட்டால் ‘யாருக்கு நடுத்துண்டு’ என்ற கேள்வி எழுகிறது. சாளையில் அந்தக் கேள்வியே இல்லை. எல்லாருக்கும் முழு மீன். நூறு கிராம் மீனில் 18 முதல் 20 கிராம் வரை புரதம் உண்டு. இதில் சாளைக்கும் சீலாவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு விலையில்தான். நெத்திலியை முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது.

இரண்டாவது, பருப்பு. அரிசிப் புரதத்தில் லைசின் எனும் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் ஒரே தட்டில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. நம் முன்னோர் நோன்புக் கஞ்சியில் இதைத்தான் செய்தார்கள்: பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, சிறிது கொத்துக்கறி, தேங்காய்ப்பால். ரமழானில் பள்ளிவாசல்களுக்குத் தமிழக அரசு கஞ்சிக்கான அரிசியை வழங்கிவருகிறது. பருப்பையும் கறியையும் போடுவது ஜமாஅத்தின் கையில் இருக்கிறது. ஆண்டில் ஒரு மாதம் மட்டும் இத்தனை நல்ல கஞ்சியைக் குடித்துவிட்டு, மற்றப் பதினொரு மாதங்கள் வெறும் சோற்றுக்கஞ்சியையும் ஊறுகாயையும் நாடுவது ஏன்? உம்மாவின் பத்து மணிக் கஞ்சியில் இப்போது ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு வேகிறது. நூறு கிராம் பருப்பில் 22 கிராமுக்குக் குறையாத புரதம். உம்மாவுக்கு மெல்லும் சிரமமும் இல்லை.

மூன்றாவது, முட்டை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். காலையில் ரஸ்கின் இடத்தை அவித்த முட்டை பிடித்தது. உம்மா முதலில் முகம் சுளித்தார்கள், “காலங்காத்தால முட்டையா?” என்றார்கள். மிளகும் உப்பும் தூவி இடியப்பத்தின் நடுவே முட்டையை மசித்து வைத்தாள் என் தங்கை. அது பிடித்துப்போயிற்று. பெருநாளில் நாம் விரும்பி உண்ணும் வட்டலப்பமும் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்ததுதான்; ஆனால் அதிலுள்ள வெல்லம் காரணமாக, நீரிழிவு மலிந்த நம் வீடுகளுக்கு அதைப் பெருநாளோடு நிறுத்துவதே நலம்.

நான்காவது, பால். பாலை அருந்தும்போது அதில் இன்னும் அதிகமாக்கித் தருமாறு வேண்டும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். உணவாகவும் பானமாகவும் ஒருசேர அமைவது பால் ஒன்றே என்றும் கூறினார்கள். நாமோ பாலைத் தேயிலைக்கு நிறம் கொடுக்கும் பொருளாக மட்டும் வைத்திருக்கிறோம். இப்போது உம்மாவுக்கு இரவில் ஒரு தம்ளர் பால், நண்பகலில் ஒரு கிண்ணம் தயிர்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் வரத்துக் குறைந்து விலை ஏறும். அந்த நாட்களில் மாசி கைகொடுக்கிறது. சூரை மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்திய மாசியின் எடையில் பாதிக்கு மேல் புரதம்தான். தூத்துக்குடித் தோணிகள் பல தலைமுறைகளாகப் பயணம் செய்யும் மாலத்தீவின் கைவண்ணம் அது. மாசியை இடித்துத் தேங்காயும் மிளகாயும் சேர்த்துச் சம்பலாக்கினால் சோற்றோடு இரண்டு கரண்டி போதும். கருவாட்டையும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் உப்பு மிகுதி. இரத்த அழுத்தம் உள்ளோர் வெந்நீரில் நன்கு ஊறவைத்துக் கழுவி, அளவோடு உண்ண வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்களோ புரதத்தைக் கூட்டும் முன் கட்டாயம் மருத்துவரைக் கேட்க வேண்டும். உம்மாவுக்கும் இரத்தப் பரிசோதனை செய்து பார்த்தபின்தான் மருத்துவர் இவற்றைச் சொன்னார்.

இவற்றையெல்லாம்விடக் கடினமாக இருந்தது ஐந்தாவது மாற்றம். பரிமாறும் முறை. சமைத்து முடித்ததும், பரிமாறத் தொடங்கும் முன்பே, உம்மாவின் பங்கும் சமைத்தவரின் பங்கும் தனித்தட்டில் எடுத்து மூடி வைக்கப்பட வேண்டும் என்று இரு வீடுகளிலும் பேசி முடிவு செய்தோம். மச்சானிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அவரோ, “எனக்கு நடுத்துண்டு வேணும்னு நான் என்னைக்காவது கேட்டேனா? வச்சாங்க, சாப்பிட்டேன்” என்றார். அவர் சொன்னது உண்மை. நானும் அப்படித்தான் இருந்தேன். நாம் யாரும் பறித்து உண்ணவில்லை. வைத்ததை உண்டோம், யாருக்கு வைக்கப்படவில்லை என்று பார்க்காமல் உண்டோம்.

உம்மா எளிதில் இணங்கவில்லை. தட்டிலிருந்த மீனை எடுத்துப் பேரனின் தட்டில் போடும் பழக்கம் ஐம்பது ஆண்டுப் பழக்கம். ஒருநாள் நான் சொன்னேன்: “உம்மா, நீங்க எழுந்து நின்னு தொழுறதுக்குத்தான் இந்த மீன். இதுவும் உங்க உடம்போட ஹக்குதானே?” உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்ற நபிமொழியை எனக்குச் சிறுவயதில் சொல்லித் தந்தவர்களே அவர்கள்தாம். சற்று நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு முள்ளை ஒதுக்கிவிட்டு உண்ணத் தொடங்கினார்கள்.

என் மூத்த மகனுக்கு வேறு கதை. கல்லூரியில் படிக்கிறான், உடற்பயிற்சிக் கூடம் செல்கிறான். ஒருநாள் பெரிய டப்பாவில் புரோட்டீன் பவுடர் வாங்கிவந்தான். “வாப்பா, இது ஹலாலா?” என்று கேட்டான், அந்த மட்டும் மகிழ்ச்சி. பாலின் மோர்நீரிலிருந்து எடுக்கும் புரதம் என்ற வகையில் அடிப்படையில் தடை இல்லை. ஆனால் சேர்மானங்களில் ஜெலட்டின், நொதிகள், மணமூட்டிகள் எதிலிருந்து வந்தவை என்று பார்க்க வேண்டும், ஹலால் சான்று உள்ளதா என்று கவனிக்க வேண்டும் என்றேன். பின்னர் அவனையே கணக்குப் போடச் சொன்னேன். இரண்டு முட்டை 12, ஒரு தம்ளர் பால் 8, நண்பகலில் நூறு கிராம் மீன் 20, பருப்பு 7, மாலையில் ஒரு கை சுண்டல் 6. இதுவே 53. சோறும் தோசையும் தருவது தனி. 65 கிலோ எடையுள்ள அவனுக்கு அன்றாடத் தேவை இதிலேயே நிறைந்துவிடுகிறது. அவன் டப்பாவைத் தூக்கி எறியவில்லை. காசு கொடுத்து வாங்கியதை வீணாக்கவும் கூடாதல்லவா? அது தீரும்வரை குடித்தான். அடுத்த டப்பா வாங்கவில்லை.

மாலை மதரஸாவிலும் ஒரு மாற்றம் செய்தோம். மஃரிபுக்கு முன் ஏறத்தாழ நாற்பது பிள்ளைகள் ஓத வருகிறார்கள். பள்ளிக்கூடத்தில் நண்பகலில் உண்டதுதான். வரும் வழியில் கையில் ஒரு பிஸ்கட் பொட்டலமோ வறுவல் பொட்டலமோ இருக்கும். மூன்றாம் வரிசையில் சிலர் தூங்கி விழுவார்கள். முன்பெல்லாம் கண்டிப்பேன்.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நம் மாவட்டத்து மண் நாட்டுக்கே காட்டியது. காமராஜர் அவர்கள் 1956 இல் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில்தான் தொடங்கிவைத்தார்கள். 1982 இல் எம்.ஜி.ஆர். அவர்கள் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார்கள். பின்னாளில் முட்டையும் சேர்ந்தது. அரசு நண்பகலைப் பார்த்துக்கொள்கிறது. மாலையை நாம் பார்த்துக்கொள்ளலாமே என்று நிர்வாகத்தாரிடம் கேட்டேன். ஒரு பெரியவர், “இது ஓதுற இடமா, சாப்பாட்டுக் கடையா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, செலவை எண்ணிக் கவலைப்பட்டார். நான் தாளை எடுத்துக் காட்டினேன். ஒரு பிள்ளைக்கு 30 கிராம் கொண்டைக்கடலை வீதம் நாற்பது பேருக்கு 1.2 கிலோ. அவ்வளவுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் 6 கிராம் அளவுக்குப் புரதம். முறை வைத்துப் பெற்றோரே அவித்துத் தருவதாக முடிவாயிற்று.

முதல் நாள் கடலை சரியாக ஊறவில்லை. பிள்ளைகள் கல்லைப் போல் கடித்தார்கள். அந்தப் பெரியவரும் ஒரு கை வாங்கி மென்று பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுவாரம் முதல் முந்தைய இரவே ஊறவைக்கும்படி ஏற்பாடு செய்தோம். இப்போது ஒருநாள் கொண்டைக்கடலை, ஒருநாள் சிறுபயறு, ஒருநாள் தட்டைப்பயறு. வியாழக்கிழமை பிள்ளைகள் காத்திருப்பது கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு. 2020 இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்துப் பண்டம். நிலக்கடலையில் நான்கில் ஒரு பங்கு புரதம். வெல்லம் இருப்பதால் வாரம் ஒருமுறை, ஆளுக்கு ஒன்று. மனனம் கூடிவிட்டது என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். மூன்றாம் வரிசையில் தூக்கம் குறைந்திருக்கிறது. அதை என் கண்ணால் காண்கிறேன்.

ஒன்றை மட்டும் பெற்றோருக்குச் சொல்லிவைத்தோம். எங்கள் கரையில் பெரும்பாலோர் ஷாஃபிஈ. நமக்கு இறாலும் கணவாயும் ஆகும். ஆனால் ஓத வரும் பிள்ளைகளில் உள்நாட்டிலிருந்து தொழில் நிமித்தம் வந்து குடியேறிய ஹனஃபி குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. கடலில் உள்ளவற்றுள் மீன் மட்டுமே அவர்களின் மத்ஹபில் ஆகும். இறால் மீனா இல்லையா என்பதில் அவர்களின் அறிஞர்களிடையே இரு கருத்து உண்டு. ஆகவே பொதுவில் உண்ணும் இடத்தில் எல்லாருக்கும் ஆகுமானதையே வைக்கிறோம். பயறுக்கும் முட்டைக்கும் மத்ஹபு வேறுபாடு இல்லை.

ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது. உம்மாவுக்கு மருத்துவர் சொன்ன எளிய பயிற்சியும் நடக்கிறது: நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை. உணவு மட்டும் போதாது, தசைக்கு வேலையும் வேண்டும் என்றார் அவர். எடை 50 கிலோ ஆகியிருக்கிறது. முழங்கால் தேய்மானம் தேய்மானம்தான், அது போய்விடவில்லை. ஸஜ்தாவை இன்னும் நாற்காலியிலிருந்தபடியே சைகையால் செய்கிறார்கள். ஆனால் கைகளை ஊன்றாமல் எழுகிறார்கள். தக்பீர் கட்டி, ஃபாத்திஹா முடியும்வரை நின்று ஓதுகிறார்கள். முதன்முறை அப்படி நின்றதைக் கண்ட நாளில் நான் தேநீரைக் குடிக்க மறந்து அமர்ந்திருந்தேன்.

சகோதரர்களே, நம்மில் பலர் வளைகுடாவிலும் கொழும்பிலும் சென்னையிலும் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறோம். அனுப்புவதோடு கடமை முடிந்ததாக எண்ணுகிறோம். இன்றிரவு பேசும்போது “சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “என்ன சாப்பிட்டீங்க? மீன் யாருக்கு வச்சீங்க? உங்க தட்டுல என்ன இருந்துச்சு?” என்று கேளுங்கள். முதலில் சிரித்து மழுப்புவார்கள். இரண்டாம் முறையும் கேளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோருக்கும், எங்களுக்காகச் சமைத்துவிட்டுக் கடைசியில் உண்ணும் எங்கள் பெண்களுக்கும் ஆரோக்கியத்தையும் வலிமையையும் தருவாயாக! அவர்களின் உரிமையை அறிந்து நிறைவேற்றும் மக்களாக எங்களை ஆக்குவாயாக! நீ எங்களுக்கு அளித்த ஹலாலான உணவில் பரக்கத் செய்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.